எஸ்தாக்கியாரின் ஆறு: விசுவாசத்துக்கும் கூத்துக்கும் இடையில்

அந்தக் கொப்பி மூன்று ஷொப்பிங் பைகளுக்குள் இருந்தது. அண்ணாவியார் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மேசையில் ஒரு துவாயை விரித்துக் கொப்பியை அதன்மேல் வைத்து, சிலுவை அடையாளம் போட்ட பிறகுதான் திறந்தார். தடித்த மட்டை போட்ட பழைய சீஆர் கொப்பி அது. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. சில பக்கங்களில் நீல மை ஊறிப் பின்பக்கத்து எழுத்தோடு கலந்துவிட்டது.

யாழ்ப்பாணக் கரையோரத்தில் உள்ள ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், எஸ்தாக்கியார் கூத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அன்று சனிக்கிழமை. மறுநாள் கடலுக்குப் போவதில்லை என்பதால் ஆட்கள் முழுமையாகச் சேரும் இரவு அது. மத்தளத்துக்கு ஒருவர், ஆர்மோனியத்துக்கு ஒருவர், பிற்பாட்டுக்கு நான்கு பேர். கதிரைகளில் பார்வையாளர்போல இருந்த கிழவிகளுக்கு நடிப்பவர்களைவிட நன்றாகப் பாட்டுத் தெரிந்திருந்தது.

நான் ஒரு கேள்வியோடு போயிருந்தேன். மத விசுவாசம் கலைஞரைக் கட்டிப்போடுகிறதா, அல்லது அவருக்கு ஏதாவது கொடுக்கிறதா? ஊடகக் கற்கை படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விடை பெரும்பாலும் முதலாவதுதான். சமயம் செய்தியைத் தீர்மானிக்கிறது, கலைஞர் அதை அலங்கரிக்கிறார் என்பார்கள். கேள்வியைக் கொஞ்சம் எளிமையாக்கி அண்ணாவியாரிடம் கேட்டேன்.

"பிள்ளை, அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா இந்த முறை ஆத்துப் பாட்டை வெட்டச் சொல்லிக் கேக்கினம். அதுக்கு என்ன சொல்லுறதெண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

இந்தக் கட்டுரை அந்த ஆற்றுப் பாட்டைப் பற்றியது.

எஸ்தாக்கியாரின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரோமைப் படைத்தளபதி ஒருவன் வேட்டைக்குப் போகிறான். துரத்திய கலைமானின் கொம்புகளுக்கு நடுவே ஒரு சிலுவையைக் காண்கிறான். மனைவி மக்களோடு ஞானஸ்நானம் பெறுகிறான். அதன்பிறகு அவனுக்கு நன்மை நடப்பதில்லை. வேலைக்காரர்கள் நோயில் சாகிறார்கள், ஆடுமாடு அழிகிறது, வீடு கொள்ளை போகிறது. இரவோடு இரவாக ஊரை விட்டுக் கப்பலேறுகிறார்கள். கூலி கொடுக்கக் காசில்லை. கப்பல் தலைவன் கூலிக்குப் பதிலாக மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். இரண்டு ஆண் குழந்தைகளோடு தனியாக நடக்கும் தகப்பன் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறான். இரண்டு பேரையும் ஒன்றாகத் தூக்கிக் கடக்க முடியாது. ஒருவனை அக்கரையில் விட்டுவிட்டு மற்றவனை எடுக்கத் திரும்புகிறான். நடு ஆற்றில் நிற்கும்போது ஒரு கரையில் சிங்கமும் மறு கரையில் ஓநாயும் பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு போகின்றன. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீரின் நடுவில் நிற்கிறான்.

பின்னர் எல்லாரும் ஒன்றுசேர்கிறார்கள். பிறகு, சிலைகளுக்குப் பலியிட மறுத்ததற்காக வெண்கலக் காளையொன்றின் வயிற்றுக்குள் அடைத்துக் குடும்பத்தோடு எரிக்கப்படுகிறார்கள்.

வரலாற்று ஆதாரம் போதாது என்று 1969இல் உரோமைப் பொது நாட்காட்டியிலிருந்து எஸ்தாக்கியாரின் நினைவுநாள் எடுக்கப்பட்டது. மறைசாட்சிகள் பட்டியலில் அவர் இன்னும் இருக்கிறார். இந்தக் கிராமத்தில் 1969ஐப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அண்ணாவியாரின் சிக்கல் இதுதான். பெருநாளுக்கு முதல்நாள் இரவு கூத்துக்கு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான் தரமுடியும் என்று பங்கில் சொல்லிவிட்டார்கள். முன்பு விடிய விடிய நடந்த கூத்து. ஒரு மணித்தியாலத்துக்குள் மானையும் சிலுவையையும் வைக்கலாம், அரசவையையும் வெண்கலக் காளையையும் வைக்கலாம். மனந்திரும்பலும் மறைசாட்சியமும் அதில் வந்துவிடும், செய்தி முழுமையாகப் போய்ச்சேரும். நடுவில் வரும் ஆறு கதையை முன்னே நகர்த்துவதில்லை. அங்கே ஒரு மனிதன் முக்கால் மணித்தியாலம் நின்று அழுகிறான், அவ்வளவுதான்.

வெட்டச் சொன்னவர்களிடம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஒலிபெருக்கி போட்டால் முறைப்பாடு வரும். விடியும்வரை இருந்து பார்க்கும் பொறுமை தங்களிடம் இல்லை என்று இளைஞர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஆனாலும் வெட்டுவதற்குத் தெரிவு செய்யப்பட்ட இடம் எது என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. அது ஏன் என்று விளங்கிக்கொள்ள, இந்த மரபு எப்படி உருவானது என்று பார்க்கவேண்டும்.

போர்த்துக்கேயர் மன்னாரை 1560இலும் யாழ்ப்பாண அரசை 1619இலும் கைப்பற்றினார்கள். அவர்களோடு வந்த கத்தோலிக்கம் தனக்கென்று ஒரு தமிழை உருவாக்கவேண்டியிருந்தது. 1647இல் தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் கிளாலிக் கோயிலின் பாதுகாவலரான யாகப்பர்மீது 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடினார். பெயரைக் கொஞ்சம் மெதுவாக உச்சரித்துப் பாருங்கள். சந்தியாகோ மயோர், அதாவது பெரிய யாகப்பர் என்ற போர்த்துக்கேயப் பெயர் அது. பெயர் லிஸ்பனிலிருந்து வந்தது, பாட்டு வடிவமோ அம்மானை ஆடும் பெண்களிடமிருந்து வந்தது. இதே காலப்பகுதியில் வயலும் பள்ளரும் பள்ளியரும் வரும் பள்ளு வடிவத்திலும் 'ஞானப்பள்ளு' என்று ஒன்று யாழ்ப்பாணத்தில் எழுந்தது.

இதை மதமாற்றத்துக்கான உத்தி என்று மட்டும் வாசிப்பவர்கள் உண்டு. உத்தி இருந்ததுதான். அந்த ஆட்சி கோயில்களை இடித்த ஆட்சி என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் வடிவத்தைக் கடன் வாங்கியவர்கள் வெளியாட்கள் அல்லர். அம்மானையைத் தாயிடமும் பள்ளை ஊரிலும் கேட்டு வளர்ந்தவர்கள் புதிதாக வந்த ஒரு கதையைத் தங்களுக்குத் தெரிந்த பாட்டில் பாடிப் பார்த்தார்கள்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டார்கள், வழிபாடு வீடுகளுக்குள் ஒளிந்துகொண்டது. கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது கூலியாள் போலவும் பிச்சைக்காரர் போலவும் நடமாடவேண்டியிருந்தது. அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இன்றும் எங்கள் கோயில்களில் வாசிக்கப்படுகிறது. வாசிப்பு என்று சொல்வதும் சரியில்லை. அது இராகத்தோடு இழுத்துச் சொல்லப்படுவது. ஒவ்வொரு பிரசங்கத்தின் முடிவிலும் ஒப்பாரி வரும்.

என்னுடைய முதல் கலை அனுபவம் அதுதான் என்று நினைக்கிறேன். ஐந்து, ஆறு வயதில் அம்மம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு பசாம் கேட்ட இரவுகள். 'பசாம்' என்பதும் பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் என்பது மிகவும் பிந்தித்தான் எனக்குத் தெரியவந்தது. எங்களுக்கு அது தமிழ்தான். மாதா தன் மகனைப் பார்த்து அழும் இடத்தில் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். அதே இராகத்தில், அதே விக்கலோடு, அவர்கள் செத்த வீடுகளிலும் அழுவதை நான் பின்னர் கேட்டிருக்கிறேன். எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது.

குருவானவர் இல்லாத ஊரில் திருப்பலி இருக்காது, ஆனால் பாட்டு இருக்கும். மனப்பாடம் செய்த பிரசங்கமும் அம்மானையும் ஒருவர் தயவும் இல்லாமல் வீட்டுக்குள் தங்கும். குருத்துவத்தின் வேலையில் ஒரு பகுதியை ஒல்லாந்தர் காலத்தில் கலை எடுத்துக்கொண்டது என்பது என் வாசிப்பு. அதனால்தான் நம்முடைய கரையோரங்களில் அண்ணாவியாருக்குக் கோயில் வளவில் இன்றும் ஒரு தனி மரியாதை. பங்குத்தந்தையர் சில வருடங்களில் மாறிப்போவார்கள். அண்ணாவியார் மாறுவதில்லை.

புரட்டஸ்தாந்து யாழ்ப்பாணம் வேறு வழியில் போனது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1841இல் 'உதயதாரகை' பத்திரிகையையும் தந்தது. வசனம், அகராதி, அச்சு, விவாதம் என்று அதன் கொடை பெரியது. கூத்து அந்தப் பட்டியலில் இல்லை. ஒருபக்கம் உரைநடை, மறுபக்கம் இரவுக் கூத்து என்று சொன்னால் மிகைப்படுத்தல்தான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இங்குள்ள புரட்டஸ்தாந்து வீடுகளிலும் ஒலித்தவை. ஆனாலும் நெய்தல் கரையில் மூன்று நாள் இரவு கண்விழித்துப் பார்க்கும் நாடகம் கத்தோலிக்கர்களிடம்தான் வளர்ந்தது.

கூத்துக்கு வருவோம். மட்டக்களப்பு ஆய்வுகளை வைத்து வடமோடி, தென்மோடி என்று பிரித்துப் பேசுவது நமக்குப் பழக்கம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்துகள் தென்மோடி வழியில் வைத்துப் பார்க்கப்படுபவை. ஆட்டம் குறைவு, பாட்டு அதிகம். மன்னாரில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வழிகள் உண்டு. நீண்ட இரவுகளுக்கு 'நாடகம்', குறுகியதற்கு 'வாசாப்பு'. பேசாலையில் பெரிய உருவங்களை வைத்து ஆட்டும் உடக்குப் பாஸ் தனியே ஒரு கலை. அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதவேண்டும்.

நாடகங்களின் பெயர்களைப் பாருங்கள்: 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி', 'எஸ்தாக்கியார்', 'செபஸ்தியார்'. எம்பரதோர் என்றால் பேரரசன். ஐரோப்பிய அரசனுக்குக் கட்டியகாரன் வந்து கட்டியம் கூறுவான். அவன் கொலுவில் மந்திரி பிரதானிகள் இருப்பார்கள். வரவு விருத்தம், தரு, கொச்சகம் எல்லாம் தமிழ் அரசனுக்கு உரியவைதான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இவற்றில் சிலவற்றைப் பதிப்பித்து அச்சுக்குக் கொண்டுவந்திராவிட்டால், பல பிரதிகள் பூச்சிக்குத்தான் போயிருக்கும். கத்தோலிக்கரல்லாத ஒருவர் அந்த வேலையைச் செய்தார் என்பதைக் கத்தோலிக்கர்களாகிய நாம் அடிக்கடி நினைப்பதில்லை.

அண்ணாவியாரிடம் பழக்கத்தின் ஒழுங்கைக் கேட்டேன். முதல் நாள் கோயிலில் செபத்தோடு ஏடு தொடங்குவது. பிறகு ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரிப்பது. அதில்தான் சண்டை வரும். சண்டை புனிதர் வேடத்துக்கு வருவதில்லை, கொடிய அரசன் வேடத்துக்குத்தான் வரும்.

"ஏனெண்டா நல்ல பாட்டெல்லாம் அவனுக்குத்தானே" என்று சிரித்தார்.

உண்மைதான். அன்றிரவு பழக்கத்தில் உரோமை அரசனாக நின்றவர் பகலில் வலை பொத்துபவர். வரவுப் பாட்டில் அவர் எடுத்த எட்டுக்கட்டைக் குரலுக்கு மண்டபத்து ஓடு அதிர்ந்தது. புனிதரைக் கொல்லப்போகும் அரசனுக்கு ஆதி தாளத்தில் மிடுக்கான தருக்கள். புனிதருக்கு விருத்தங்களும் புலம்பலும். ஊர் பார்க்க வருவது இருவரையும்தான். சமயம் செய்தியைத் தீர்மானிக்கிறது என்ற என் பாடப்புத்தக விடை இங்கே முதலாவது அடி வாங்கியது. செய்தியை மட்டும் நோக்கமாகக் கொண்ட ஒருவர் எதிரிக்கு இவ்வளவு நல்ல இசையைக் கொடுத்திருக்கமாட்டார்.

அரசனாக நடிப்பவரிடம் நேரடியாகவே கேட்டேன். "மறைசாட்சியைக் கொல்லுற ஆளா நிண்டு பாடுறது உங்களுக்குச் செபமா?" அவர் கொஞ்சம் யோசித்தார். மகனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது, எந்த வேடம் தந்தாலும் மூன்று பெருநாளுக்கு ஆடுவேன் என்று நேர்த்தி வைத்தாராம். "வேசம் எதுவெண்டு நேர்த்தியிலை சொல்லேல்லைத்தானே."

நேர்த்தி என்ற சொல்லை அன்றிரவு பலமுறை கேட்டேன். மேடையேறும் உரிமை இங்கே திறமையால் மட்டும் கிடைப்பதில்லை. சுருதி சேராத ஒருவர் நேர்த்திக்காக நிற்பார், அவரைச் சகித்துக்கொள்ளவேண்டும். இது கூத்துக்குக் கேடு என்று கலை விமர்சகர் ஒருவர் சொல்லலாம், எனக்கும் சில இடங்களில் காது கூசியது. ஆனால் மூன்று மாதம் வாரம் தவறாமல் வந்து பழகும் கடமை உணர்வை இந்த நேர்த்தி தருகிறது. எந்த நாடகக் குழுவும் காசு கொடுத்து இதைப் பெறமுடியாது.

இந்த மரபைக் கோயில் வளவுக்கு வெளியே கொண்டுபோனவர் நீ. மரிய சேவியர் அடிகள். இளவாலைக்காரர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இலத்தீனை விட்டு மக்களின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் வாசலைத் திறந்த காலம். சங்கம் முடிந்த அதே 1965இல் அவர் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் திருப்பாடுகளின் காட்சி என்றால் ஒரு காலத்தில் கலாமன்றத்தின் பெயர்தான் நினைவுக்கு வரும். பெரும் மேடை, நூற்றுக்கணக்கில் கலைஞர்கள், வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் மக்கள். 1990இல் 'கலைமுகம்' சஞ்சிகை தொடங்கியது. போர்க்காலத்தில், காகிதமும் மின்சாரமும் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஒரு கலை இலக்கியச் சஞ்சிகை!

கிறிஸ்து வேடத்துக்குச் சைவர்களும் ஒப்பனை செய்தார்கள், மேடை கட்டினார்கள், பாடினார்கள். அடிகளாரும் விவிலியத்துக்குள் மட்டும் நிற்கவில்லை. 'தர்சனா', 'அசோகா' என்று வசனமில்லாத நாடகங்களை உருவாக்கினார். ஒரு நிமிடம் இதை யோசித்துப் பாருங்கள். தமிழ்க் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர், இந்த நாட்டின் போர் நடக்கும்போது, கலிங்கப் போரில் வென்ற பிறகு பௌத்தத்தைத் தழுவிய பேரரசனின் கதையை, ஒரு வார்த்தையும் பேசாமல் மேடையேற்றுகிறார். எந்த மொழியில் பேசினாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் காலத்தில் அவர் மொழியையே விட்டுவிட்டார். அதைப் பரப்புரை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. விசுவாசம் ஒரு கலைஞருக்கு என்ன கொடுக்கமுடியும் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த உறுதியான பதில்களில் அதுவும் ஒன்று. வாழ்நாளில் எத்தனையோ திருப்பாடுகளின் காட்சிகளை மேடையேற்றிய அடிகளார் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, ஒரு பெரிய வியாழனன்று, காலமானார்.

அவருக்குப் பின் கேள்வி திரும்பவும் பங்குகளிடம் வந்து நிற்கிறது. பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்காகச் சில நிமிடங்களுக்குச் சுருக்கப்பட்ட கூத்துகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிரதேச செயலகக் கலாசார விழாக்களிலும் அதே அளவுதான். உடை புதிது, ஒலி துல்லியம், ஆட்டம் வேகம். பெண் பிள்ளைகள் மேடைக்கு வந்திருக்கிறார்கள். ஆண்களே பெண் வேடமிட்ட காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய திருப்பம், எனக்கு மகிழ்ச்சியும்கூட. பழையதெல்லாம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. சுருக்கும்போது எது போகிறது என்பதை மட்டும்தான் பார்க்கச் சொல்கிறேன். புலம்பல்தான் முதலில் போகிறது.

அன்றிரவு பத்து மணிக்குமேல் ஆற்றுக் கட்டம் பழகினார்கள். எஸ்தாக்கியாராக ஓட்டோ ஓட்டும் ஒரு இளைஞர். மண்டபத்தின் நடுவில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடுகள் கீறி ஆறு உண்டாக்கியிருந்தார்கள். ஒரு கோட்டுக்கு அப்பால் ஏழு வயதுப் பையன் ஒருவன், மறு கோட்டுக்கு இப்பால் இன்னொருவன். மத்தளம் நின்றது. தாளம் மட்டும் மெல்லப் போனது. இளைஞர் பாடத் தொடங்கியபோது பின்வரிசைக் கிழவிகள் பிற்பாட்டுக்காரருக்கு முன்னமே அடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "நாங்கள் கிளாலியாலை போனனாங்கள்" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

பேதுருப் புலவருக்குக் கிளாலி யாகப்பரின் கோயில். என் தலைமுறையின் பெற்றோருக்குக் கிளாலி இரவுப் படகு. ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட 1990க்குப் பின்னரான ஆண்டுகளில், குடாநாட்டிலிருந்து வெளியே போகவேண்டியவர்கள் கிளாலியில் படகேறி, விளக்கில்லாமல், களப்பைக் கடந்தார்கள். கடற்படையின் தாக்குதல்களில் பலர் தண்ணீரிலேயே செத்தார்கள். குருநகரில் அதே யாகப்பரின் பெயரால் அமைந்த கோயில் மீது 1993 நவம்பர் 13ஆம் திகதி குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் நடந்து வெளியேறியது. ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மற்றப் பிள்ளையை எங்கே விட்டோம் என்று தேடிய தகப்பன்மார் உரோமாபுரியில் மட்டும் இருக்கவில்லை.

அந்த அம்மாவின் மடியில் பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் என்ன இழந்தார் என்று நான் கேட்கவில்லை. ஊடகவியலாளராக அது என் தவறாக இருக்கலாம்.

ஆற்றைக் கடவுள் ஏன் அனுமதித்தார் என்பதற்குக் கூத்துப் பதில் சொல்வதில்லை. பிரசங்க மேடையில் நிற்பவர் பதில் சொல்லியே ஆகவேண்டும், அது அவருடைய பணி. அண்ணாவியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் ஒரு மனிதனைத் தண்ணீரின் நடுவில் நிறுத்தி, ஊர் முழுவதையும் அவனோடு அங்கே நிற்கவைக்கிறார். வியாகுலப் பிரசங்கத்தின் ஒப்பாரியும் செய்வது அதைத்தான். கொன்சால்வெஸ் அடிகளார் உயிர்ப்பைத் தெரியாதவர் அல்லர், ஆனாலும் மாதாவை நீண்டநேரம் அழவிட்டார். கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து எங்கள் கலை பெற்ற சிறந்த பகுதி இந்த அவசரப்படாத அழுகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சேரவேண்டிய செய்தி சேர்ந்தால் போதும் என்று நினைக்கும்போது அதுதான் மிகையாகத் தெரியும்.

பழக்கம் முடிந்து எல்லாரும் பிளேன்ரீ குடிக்கும்போது கொப்பியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். அனுமதி கொடுத்தார். போன் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக எடுத்தேன். எழுத்து அவருடைய தகப்பனாருடையது, அவரும் அண்ணாவியார். ஆற்றுக் கட்டத்துக்கு வந்தபோது இரண்டு பக்கங்கள் இல்லை. அந்த இடத்தில் கோடு போட்ட வேறு தாள் ஒன்று நூலால் தைக்கப்பட்டிருந்தது. கறுப்பு மை, வேறு கையெழுத்து. அதில் 'ஆறு' என்று வரவேண்டிய இடங்களில் 'களப்பு' என்று இருந்தது.

"உரோமாபுரிக் கதையிலை களப்பு எப்பிடி வந்தது?" என்று கேட்டேன்.

"பிரதியிலை அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தைப் புரட்டினார்.

இடம்பெயர்வுக்கு முன்னரே இந்தப் பிரதியைப் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு வெளிநாடு போன உறவினர் ஒருவர் கனடாவில் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். இலக்கம் வாங்கி அழைத்தேன். மூன்று வாரம் கழித்து வட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. தொலைந்த இரண்டு பக்கங்களும் அதில் இருந்தன. நான்கு விருத்தம், இரண்டு தரு. எல்லா இடத்திலும் ஆறுதான். படகு இல்லை, இருட்டு இல்லை, களப்பு என்ற சொல்லே இல்லை. பாட்டும் பாதி நீளம்தான்.

பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவற்றை அச்செடுத்துக் கொண்டுபோனேன். இதற்கிடையில் பேச்சுவார்த்தை நடந்து, ஆற்றுக்கு இருபது நிமிடம் என்று முடிவாகியிருந்தது. பங்குத்தந்தையே ஒரு நாள் இரவு பழக்கம் பார்க்க வந்திருந்தாராம். வந்தவர் கடைசிவரை இருந்தாராம். அதற்குமேல் அண்ணாவியார் சொல்லவில்லை.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தார். உதடு அசைந்தது. விரல் மேசையில் தாளம் போட்டது.

"இது அப்பான்ரை" என்றார். மடித்துக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு தைத்த தாளைத் தட்டிக் காட்டினார். "இது தொண்ணூற்றாறிலை முகாமிலை இருந்து நான் எழுதினது."

"இந்த முறை எதைப் பாடப் போறியள்?"

"இருபது நிமிசம்தானே தந்திருக்கினம்" என்றார். "அப்பான்ரை சின்னது, நேரத்துக்குச் சரியா வரும்." கொப்பியை முதலாவது பைக்குள் போட்டார். "ஆனா அந்தப் பெடியன் என்ரையைத்தான் பாடமாக்கி வைச்சிருக்கிறான்."